கொடி என்று நினைத்த கயிறு

அம்மாவை ஜெர்மனிக்கு வரவழைத்து ஜன்னலோரம் உட்காரவைப்பதில் என் மகன் பரத்துக்குத் தனிப் பெருமை. வால்டோர்ஃபில் அவனுக்கு மென்பொருள் வேலை. காலையில் சைக்கிளில் கிளம்பினால் மாலையில்தான் தலை தெரியும். அதுவரை நான் என்ன செய்வதாம்? எதிர்வீட்டுக்காரர் புல் வெட்டுவதைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை அவர் புல் வெட்டாமல் இருப்பதையும் பார்த்தேன். கும்பகோணத்தில் ஒரு நாளைக்கு ஒன்பது பேரிடம் வாயாடுகிறவள் நான். இங்கே வாய் பூட்டியே கிடந்தது.

பூட்டைத் திறந்தவள் ஞானா. தமிழ்க் கடையில் கடைசியாக இருந்த கறிவேப்பிலைப் பொட்டலத்தில் இருவரும் ஒரே சமயத்தில் கைவைத்தோம். "நீங்கள் எடுங்கோ அக்கா" என்று அவள் விட்டுக்கொடுத்தாள். யாழ்ப்பாணத்துக்காரி, ஐம்பது வயது இருக்கும். கோடையில் ஓடன்வால்ட் மலைக்காட்டில் யூதப் பையன்களுக்காக நடக்கும் விடுமுறை முகாமில் சமையல் செய்கிறாளாம்.

"சும்மா வீட்டுக்குள்ள இருந்து என்ன செய்யப்போறியள்? என்னோட வாங்கோ அக்கா. மூண்டு நாள் காத்துப் பட்டமாதிரியும் இருக்கும், எனக்கும் கதைக்க ஆள் கிடைக்கும். நான் அவையளிட்டைக் கேட்டுப்போட்டன், ஓம் எண்டவை."

பரத்துக்கு இஷ்டமில்லை. "அம்மா, அங்க ஆயிரம் ரூல்ஸ் இருக்கும். நீ எதையாவது தொட்டு வைப்பே" என்றான். நான் தொட்டு வைப்பேனாம்! மடி ஆசாரம் பார்த்த மாமியாரோடு இருபத்திரண்டு வருஷம் குப்பை கொட்டியவளுக்கு ரூல்ஸ் சொல்லித் தருகிறான் பிள்ளை. ஒரு டப்பா முறுக்கை எடுத்துக்கொண்டு வியாழக்கிழமை கிளம்பிவிட்டேன்.

ஜெர்மன் ரயில் நேரம் தவறாது என்று ஊரில் யார் கதை கட்டியதோ தெரியவில்லை. பாதி வழியில் ரயில் நின்றது. தண்டவாளத்தில் வேலையாம், மாற்று பஸ் வருமாம். அந்த பஸ்ஸைத் தேடி ஸ்டேஷனுக்கு முன்னாலும் பின்னாலும் அலைந்தோம். கடைசியில் அது ஒரு சூப்பர் மார்க்கெட்டின் பின்பக்கம் நின்றிருந்தது. ஏறினால், நாய்க்கு டிக்கெட் வாங்கியாயிற்றா என்று ஓட்டுநருக்கும் ஒரு பாட்டையாவுக்கும் வாக்குவாதம். வாங்கிவிட்டேன், ஆனால் அதை நாய் தின்றுவிட்டது என்கிறார் அவர். பஸ்ஸே சிரித்தது. நம் ஊர் டவுன் பஸ்ஸில் ஏறிவிட்ட நிம்மதி எனக்கு.

முகாம் வாசலில் துப்பாக்கியோடு ஒரு காவலர். என் முறுக்கு டப்பாவைத் திறந்து, ஒரு முறுக்கை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஞானா சிரிக்கவில்லை.

"இந்தப் பிள்ளையள் கூடுற இடமெல்லாம் இஞ்ச காவல் வேணும் அக்கா. எங்கட பள்ளிக்கூட வாசல்லையும் ஆமிச் சென்றி நிண்டது. ஆனா அது எங்களைக் காக்க இல்லை."

உள்ளே போனதும் அந்தத் துப்பாக்கி மறந்துபோனது. அறுபது எழுபது பையன்கள், அத்தனை பேர் தலையிலும் உள்ளங்கை அளவுக்குக் குட்டித் தொப்பி. ஒரு கூட்டம் பந்து உதைக்கிறது, இன்னொரு கூட்டம் ஏரியில் குளித்துவிட்டு ஈரம் சொட்ட ஓடிவருகிறது. மரவீட்டுக்கு மரவீடு போட்டி: எந்த வீடு சுத்தம், எந்த வீட்டுக்குக் குரல் அதிகம். கைப்பேசிகளை எல்லாம் முதல் நாளே வாங்கிப் பூட்டிவிட்டார்களாம். சாப்பாட்டு மணி அடித்ததும் மேஜையைத் தட்டிப் பாட ஆரம்பித்தார்கள் பாருங்கள், தட்டில் இருந்த உருளைக்கிழங்கு எழுந்து ஆடியது.

சமையலறைகள் இரண்டு. பாலுக்கு ஒன்று, இறைச்சிக்கு ஒன்று. கரண்டி, தட்டு, துடைக்கும் துணிவரை தனித்தனி. தயிர்சாதக்காரியான என்னைப் பால் பக்கம் உட்காரவைத்தாள் ஞானா. முறுக்கு டப்பா எந்தப் பக்கமும் வரக்கூடாது, அறையிலேயே கிடந்தது. அடுப்பை மூட்டுவதுகூட ஞானா இல்லை. அவர்களில் ஒருவர் பற்றவைத்த அடுப்பில்தான் சமைக்கலாமாம்; மெண்டல் என்று ஒருவர் வந்துதான் மூட்ட வேண்டும். முகாமின் குரு, மேலாளர், பாட்டு வாத்தியார் எல்லாம் அவரே. சிவப்புத் தாடி, முப்பது வயதுகூட ஆகியிருக்காது. பற்றவைத்துவிட்டு என்னைப் பார்த்து ஆங்கிலத்தில், "இங்கே நான்தான் தீக்குச்சி" என்றார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

பின்கட்டில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு ராகம் கேட்டது. எட்டிப் பார்த்தால், விறகுக் குவியலில் ஏறி நின்று ஒரு பையன் காகிதத்தைப் பார்த்து ஓதுகிறான். ஒரே இடத்தில் தடுக்கி, தலையில் அடித்துக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து. பெயர் லெவ். பதின்மூன்று முடிந்துவிட்டது. சனிக்கிழமை காலை, எல்லார் முன்னிலையிலும் தோரா என்கிற அவர்கள் வேதச் சுருளிலிருந்து அவன் முதல்முறையாக வாசிக்கப் போகிறான். அன்றிலிருந்து அவன் பெரியவன், அவர்கள் சட்டமெல்லாம் அவனுக்கும் பொருந்தும். நம் பூணூல் கல்யாணம் மாதிரி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"பயமா இருக்கா?" என்றேன்.

"மற்றவர்களை நினைத்துப் பயமில்லை. தாத்தா வருகிறார்" என்றான். பள்ளிக்கூட ஆங்கிலம், தெளிவாகப் பேசினான். அவர்கள் உக்ரைன்காரர்கள். போருக்குப் பயந்து இங்கே வந்தவர்கள். தாத்தா போரிஸ் சிறுவனாக இருந்தபோது அவர் நாட்டில் இதெல்லாம் பேசவே கூடாது. அவருக்கு இந்தச் சடங்கு நடக்கவில்லை, லெவ்வின் மாமாக்களுக்கும் நடக்கவில்லை. "எங்கள் வீட்டில் நான்தான் முதல் ஆள். தாத்தா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். சாவதற்குள் அதைக் காதால் கேட்க வேண்டுமாம்."

அப்புறம் தொப்பியைத் தொட்டுக்காட்டி, "பள்ளியில் இதன்மேல் இன்னொரு தொப்பி போட்டு மறைப்பேன். இங்கே வேண்டாம்" என்றான். சொல்லிவிட்டு மறுபடி விறகின்மேல் ஏறிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே கல்யாண வீட்டுப் பரபரப்பு. சூரியன் மறைந்தால் சபாத், அவர்களின் ஓய்வு நாள். மறுநாள் நட்சத்திரம் தெரியும்வரை தீ மூட்டக்கூடாது, விளக்கைப் போடக்கூடாது, எழுதக்கூடாது. அதனால் சனிக்கிழமைக்கும் சேர்த்து அன்றே சமையல். பார்லி, பீன்ஸ், உருளைக்கிழங்கு, இறைச்சி எல்லாம் போட்டு அண்டா அண்டாவாக ஒரு குழம்பு. அது மெல்லிய சூட்டில் மறுநாள் மத்தியானம்வரை தானாக வேகும். பின்னல் பின்னலாக ரொட்டி. குளியலறை வாசலில் பையன்களின் வரிசை, ஷூ பாலிஷ் வாசனை, சலவை இயந்திரங்கள் நிறைய வெள்ளைச் சட்டைகள்.

பிற்பகலில் போரிஸ் வந்தார். மகள், அதாவது லெவ்வின் அம்மா, காரில் அழைத்துவந்தாள். சக்கர நாற்காலியில் வற்றலாக ஒரு மனிதர். உடம்பில் பழைய கோட்டு, காலில் பளபளக்கும் ஷூ. வாசலை ஒட்டிக் கீழே இருந்த விருந்தினர் வீட்டில் அவர்களுக்கு இடம். தொழுகைக் கூடம் மேட்டின்மேல். நடுவில் புல்வெளியும் சரளைப் பாதையும். லெவ் தாத்தாவை ஒரு வட்டம் தள்ளிக்கொண்டு போய் ஏரி, பந்து மைதானம், விறகுக் குவியல் எல்லாம் காட்டினான். பயணக் களைப்பு. கிழவர் படுக்கப் போனார்.

இனி என் லட்சணத்தைச் சொல்கிறேன்.

பீட்ரூட் வேகவைத்த தண்ணீரைத் தூக்கப் போய் என் சந்தனக் கலர் சுங்குடிப் புடவையில் பாதியைக் கொட்டிக்கொண்டேன். இயந்திரத்தில் இடமில்லை. வேறு புடவை மாற்றிக்கொண்டு, அதைக் கையால் கும்மி அலசினேன். எங்கே காயப்போடுவது? சமையலறைக்குப் பின்னால், காட்டோரமாக, கம்புக்குக் கம்பு கயிறு கட்டியிருந்தது. ஆள் உயரத்துக்கு மேலே, நல்ல விறைப்பாக. எனக்குப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. என் மாமியாரின் மடிக்கொடி இதே உயரம்தான். யார் கையும் படாமல் உயரத்தில் கொடி கட்டி, புடவையைக் குச்சியால்தான் ஏற்றுவார், குச்சியால்தான் இறக்குவார். சரிதான், இவர்களும் மடி பார்க்கிறவர்கள், அதுதான் உயரத்தில் கட்டியிருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். தரை துடைக்கும் கட்டையின் காம்பால் புடவையைத் தூக்கி, பழைய சாமர்த்தியம் கொஞ்சமும் குறையாமல் கயிற்றில் விரித்தேன். யாரும் பார்க்கவில்லையே என்றுகூட இருந்தது.

மாலையில் லெவ்வின் அம்மா மெழுகுவர்த்தி ஏற்றினாள். வெள்ளிக்கிழமை விளக்கு! கைகள் தாமாகக் குவிந்தன. வெள்ளைச் சட்டைப் பையன்கள் ஒருவர் தோள்மேல் ஒருவர் கைபோட்டு ஆடி ஆடிப் பாடினார்கள். இங்கே கோடையில் சூரியன் லேசில் போகாது. பாட்டு முடிந்தபின்னும் வெளிச்சம் பாக்கி இருந்தது. புடவையை எடுக்கப் பின்பக்கம் போனேன்.

புடவை தரையில் கிடந்தது. காற்றில் அது பாய் விரித்தாற்போல் இழுத்திருக்க வேண்டும். மூலைக் கம்பு அடியோடு முறிந்து, கயிறு அறுந்து புல்லில் கிடந்தது. சேறான புடவையைச் சுருட்டிக்கொண்டு வந்து ஞானாவிடம் பொரிந்தேன். "என்னடி கொடி கட்டியிருக்காங்க? ஒரு புடவைய தாங்கலை!"

ஞானாவின் கையில் இருந்த தட்டு அப்படியே நின்றது. "எந்தக் கொடி அக்கா?"

"காட்டோரம்."

"ஐயோ அக்கா! அது கொடி இல்லை. அது அவையளின்ரை எருவ்."

தட்டைக் கீழே வைத்துவிட்டு அவள் விளக்கினாள். சபாத் அன்று வீட்டுக்கு வெளியே எதையும் சுமக்கக்கூடாது. புத்தகம், சாவி, கைக்குட்டை எதுவும். தள்ளவும் கூடாது. ஆனால் ஓர் இடத்தைச் சுற்றிக் கம்பு நட்டுக் கயிறு கட்டிவிட்டால், உள்ளே இருப்பதெல்லாம் ஒரே வீட்டுக்குக் கணக்கு, தாராளமாக எடுத்துப் போகலாம். அதனால்தான் மெண்டல் ஒவ்வொரு வெள்ளியும் மத்தியானம் கயிற்றைச் சுற்றி வந்து பார்ப்பார். இன்றும் பார்த்துவிட்டுத்தான் போனார். என் புடவை அவருக்குப் பின்னால் ஏறியது. ஒரு மூலை அறுந்தால் முழுக்க அறுந்ததாக அர்த்தம்.

"அப்ப அந்தக் கிழவர்?" என்றேன்.

"நாற்காலியை வெளியில ஆரும் தள்ள ஏலாது. அவர் கீழதான்" என்றாள் ஞானா.

மெண்டலிடம் நானே போனேன். யாருக்குப் பின்னாலும் ஒளிகிற பழக்கம் எனக்கில்லை. சொன்னேன். அவர் தாடியைப் பிடித்துக்கொண்டு, சத்தம் போடாமல் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை. "இப்பவே கம்பு நட்டுக் கட்டித் தரேன்" என்றேன். "வேண்டாம். சபாத் உள்ளே வந்துவிட்டது. கம்பு நடுவது கட்டிட வேலை. அதை உங்களைச் செய்யச் சொல்ல எனக்கு உரிமை இல்லை" என்றார். பிறகு கூடத்துக்குள் போய்ப் பையன்களிடம் அறிவித்தார். எழுபது பையன்கள் எழுந்து நின்று பைகளைக் காலி செய்தார்கள். மேஜைமேல் கைக்குட்டைகள், சாவிகள், ஒரு கோலிக்குண்டு, ஒரு செத்த வண்டு. ஒருத்தனும் முணுமுணுக்கவில்லை. என்னை எவனும் முறைக்கவுமில்லை. லெவ் மட்டும் பையில் எதுவும் இல்லாமல் நின்றான்.

அவன் அம்மா எழுந்தாள். "இதெல்லாம் எனக்குப் பழக்கமில்லை. அப்பாவை நான் தள்ளிக்கொண்டு வருகிறேன், எனக்கென்ன?" என்றாள். நேராகக் கீழே போய்க் கிழவரிடமும் சொல்லியிருக்கிறாள். அவர் மாட்டேன் என்றுவிட்டார். "பையன் நாளைக்குத்தான் முதல்முறையாகச் சட்டத்தைத் தோளில் ஏற்றுகிறான். அதே காலையில் அதை மீறிக்கொண்டு நான் போய் உட்கார மாட்டேன். கீழே ஜன்னலைத் திறந்து வை, காற்று அடித்தால் கேட்கும்." மேட்டிலிருந்து கீழே ஒரு சத்தமும் கேட்காது. எனக்கும் தெரியும், அவருக்கும் தெரிந்திருக்கும்.

"சுருளைக் கீழ கொண்டுவந்து அங்கயே வாசிக்கட்டுமே?" என்றேன்.

"அதையும் சுமக்க ஏலாது அக்கா" என்றாள் ஞானா.

பரத்தின் குரல் காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது: நீ எதையாவது தொட்டு வைப்பே. படுபாவி, வாயில் சர்க்கரை போட வேண்டிய பிள்ளை.

சனிக்கிழமை காலை காபிக்குச் சமையலறைக்குப் போனேன். ஞானா சாவதானமாக விளக்கைப் போட்டாள். எனக்கு வெளிச்சம் அப்போதுதான் வந்தது.

"நீ மட்டும் போடறியே?"

"எனக்கென்ன சபாத்தோ? நான் நல்லூரான்ரை ஆள்."

"நானும் கும்பேஸ்வரர் ஆள்தானே! நான் தள்ளினா?"

நான் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே ஓடினால், மெண்டல் கதவுக்கு அருகில் நின்றுகொண்டிருக்கிறார். எவ்வளவு நேரமாகவோ. கண்கள் சிவந்திருந்தன. அவர்கள் புத்தகங்களை எல்லாம் புரட்டிப் பார்த்திருக்கிறார்.

"நான் தள்ளலாமா?" என்றேன்.

"தள்ளலாம்" என்றார். "நடக்க முடியாத முதியவர், பேரனின் நாள். வேறு இனத்தார் உதவினால் ஏற்கலாம் என்று பெரியவர்கள் எழுதியிருக்கிறார்கள். அதைக் கேட்கத்தான் வந்தேன். எப்படிக் கேட்பதென்று தெரியவில்லை. நீங்கள் விருந்தாளி, வேலைக்காரியாக நினைத்துவிட்டேன் என்று தோன்றிவிடக் கூடாதே. காவலரைக் கேட்கலாமென்றால் அவர் வாசலை விட்டு நகரக்கூடாது."

"அறுத்தவ நான். தள்ளறதும் நானே" என்றேன்.

கீழே போனபோது போரிஸ் ஏற்கெனவே கோட்டு, ஷூ எல்லாம் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். ஜன்னல் திறந்திருந்தது. மெண்டல் சொன்னதை மகள் அவருக்கு மொழிபெயர்த்தாள். அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். புடவைமேல் கண் கொஞ்சம் நின்றது. பிறகு கைகளை மடியில் வைத்துக்கொண்டு, போகலாம் என்று தலையசைத்தார்.

சமதரையில் சரியாகத்தான் போனது. மேடு ஏறும் இடத்தில் சரளைக் கல்லில் சக்கரம் புதைந்தது. எனக்கு அறுபத்துமூன்று வயது, வலது முழங்கால் என் பேச்சைக் கேட்காது. ஓர் அடி ஏற்றினால் அரை அடி இறங்குகிறது. அதற்குள் பையன்கள் கூடத்திலிருந்து ஓடிவந்துவிட்டார்கள். பாதையின் இரு பக்கமும் வெள்ளைச் சட்டைகள். எல்லாக் கைகளும் துடிக்கின்றன, ஒரு கையும் தொட முடியாது. ஒருவன் ஒரு விரலை நீட்டிவிட்டு, சுட்டதுபோல் இழுத்துக்கொண்டான். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள், பாவம்.

கடைசியில் ஒரு பொடியன் பாட ஆரம்பித்தான். இன்னொருவன் சேர்ந்தான். அவ்வளவுதான், எழுபது தொண்டையும் திறந்துகொண்டது. சாப்பாட்டு மேஜையைத் தட்டிப் பாடும் அதே பாட்டு. தட்ட மேஜை இல்லை, காலால் தரையைத் தட்டினார்கள். தேர் இழுக்கும்போது வடம் பிடிக்க முடியாதவர்களும் கூடவே கத்திக்கொண்டு வருவார்களே, அந்தச் சத்தம். எனக்கு எங்கிருந்து பலம் வந்ததோ!

"அக்கா, விடாதேங்கோ, வாறன்!" ஏப்ரனோடு ஓடிவந்தாள் ஞானா. ஆளுக்கொரு பிடி. "தள்ளுங்கோ! இன்னும் கொஞ்சம்! முருகா!" என்று அவள் கத்த, அதுவும் அந்தப் பாட்டில் கலந்துபோனது. மேடு ஏறிவிட்டோம்.

கூடத்தில் பெண்களுக்குப் பின்பக்கம் தனி இடம். லெவ்வின் அம்மாவுக்குப் பக்கத்தில் மூச்சு வாங்க உட்கார்ந்தேன். கிழவரை முன்வரிசைக்குப் பையன்களே தள்ளிப்போனார்கள். கூரைக்கு அடியில் அவர்கள் தள்ளலாம். சுருளைத் திறந்தார்கள். லெவ் ஆரம்பித்தான். விறகுக் குவியலில் தடுக்கிய இடம் வந்தபோது நான் கையைப் பிசைந்துகொண்டேன். அதைத் தாண்டிவிட்டான்! அடுத்த வரியில் தடுக்கினான். நாலைந்து குரல்கள் உடனே சரியாக எடுத்துக்கொடுத்தன. அவன் திருத்திக்கொண்டு மேலே போனான். போரிஸ் அசையவே இல்லை. பின்னாலிருந்து பார்த்த எனக்கு அவர் காது மட்டும்தான் தெரிந்தது. லெவ்வின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், வெட்கமென்ன அதில்?

முடிந்ததும் எல்லாரும் அவன்மேல் மிட்டாய் எறிந்தார்கள். வழக்கமாம், இனிப்பாக இருக்கட்டும் என்று. ஒன்று தவறிப் போய்க் கிழவர் மடியில் விழுந்தது. அவர் அதை உள்ளங்கையில் மூடிக்கொண்டார்.

திரும்பும்போது இறக்கம், எனக்குக் கவலையில்லை. கூடத்து வாசலில் அவர் நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கினார். மிட்டாய் இன்னும் கைக்குள் இருந்தது. வெளியே அவர் அதைக் கொண்டுபோகக்கூடாது. வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன். லெவ் கையை வீசிக்கொண்டு பக்கத்தில் நடந்துவந்தான்.

விருந்தினர் வீட்டு வாசலில் முடிச்சை அவிழ்த்து அவரிடம் நீட்டினேன். அவர் என் விரல்களை மடக்கி மூடிவிட்டு, ரஷ்ய மொழியில் நீளமாக ஏதோ சொன்னார். நான் லெவ்வைப் பார்த்தேன்.

"உங்களுக்குத்தானாம்" என்றான் லெவ். "கயிறு அறுந்திருக்காவிட்டால் நானே அவரை அரை நிமிஷத்தில் மேலே தள்ளிக்கொண்டு போயிருப்பேனாம். யாரும் பாடியிருக்க மாட்டார்களாம்."

காகிதத்தைப் பிரித்து அங்கேயே வாயில் போட்டுக்கொண்டேன். எலுமிச்சை மிட்டாய். போரிஸ் உள்ளே போய், திறந்து வைத்திருந்த ஜன்னலைச் சாத்தினார்.